அப்பாவின் கோபமா, சுகரின் வேலையா? சர்க்கரை நோய் மனசையும் பசியையும் மாற்றுவது எப்படி?

கல்யாண மண்டபத்தில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலையில் சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு, ரெண்டு இட்லியோடு கிளம்பி வந்த ஒரு பெரியவர். முகூர்த்தம் முடிந்து, மொய் எழுதி, மேடையில் போட்டோ எடுத்து, பந்தியில் இடம் கிடைக்க மணி ஒன்றரை ஆகிவிடும். அதற்குள் அவர் யார் மீதாவது எரிந்து விழுந்திருப்பார். சாம்பார் வாளியோடு வந்த பையன் மீதோ, ‘இன்னும் அஞ்சே நிமிஷம் மாமா’ என்று சொன்ன பெண் வீட்டுக்காரர் மீதோ. ‘அவர் எப்பவுமே இப்படித்தான்’ என்று சொந்தக்காரர்கள் முடித்துவிடுவார்கள். சாப்பிட்டு, பாயசமும் குடித்த அரை மணி நேரத்தில் அதே மனிதர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சர்க்கரை நோய் என்றால் கண், கால், கிட்னி, ஹார்ட் என்றுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் இந்த நான்குக்கும் ஏதாவது ஒரு எண் இருக்கும். மனசுக்கு எண் கிடையாது. அதனால், திடீர் கோபம், காரணமில்லாத பதற்றம், சாப்பிட்ட உடனே மறுபடி பசி, எதிலும் பிடிப்பில்லாமை என்று வீட்டில் நடக்கிற பாதி விஷயங்கள் நோயின் கணக்கில் சேராமல், அந்த மனிதரின் குணத்தின் கணக்கில் போய்ச் சேர்கின்றன.

இது சின்ன எண்ணிக்கை இல்லை. 2023இல் லான்செட் குழும இதழில் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். உங்கள் அபார்ட்மென்ட் லிப்டில் ஏழு பேர் ஏறினால் அதில் ஒருவருக்கு இருக்கலாம் என்று அர்த்தம்.

மூளைக்கு ஸ்டாக் ரூம் கிடையாது

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. அதற்கான எரிபொருள் முக்கியமாக குளுக்கோஸ். ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் வேண்டும். கல்லீரலும் தசையும் குளுக்கோஸைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மூளைக்கு அப்படிச் சொல்லிக்கொள்கிற மாதிரி சேமிப்பு இல்லை. ரத்தத்தில் வருவதை அப்படியே எடுத்துச் செலவழிக்கிற தினக்கூலி வாழ்க்கை அதனுடையது. வரத்து குறைந்தால் முதலில் தடுமாறுவது மூளைதான்.

ரத்த சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ் சர்க்கரை என்கிறார்கள். நாம் வீட்டில் ‘லோ சுகர்’ என்கிறோம். அந்த இடத்தில் உடல் அலாரம் அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை வெளியே கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். ஆனால் அட்ரினலின் என்பது சண்டை போடவும் ஓடவும் உடலைத் தயார் செய்கிற ஹார்மோன். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு பிடுங்கிக்கொண்டு பசிக்கும். கூடவே ‘யாரையாவது கடித்துக் குதறலாமா’ என்கிற எரிச்சலும் வரும். பந்தியில் கத்திய பெரியவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

54 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கினால் நிலைமை வேறு. இப்போது மூளைக்கே பட்டினி. பேச்சு குழறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். சிலர் அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள். வீட்டில் இருப்பவர்களை அதிகம் குழப்புவது பிடிவாதம். சர்க்கரைத் தண்ணீரை நீட்டினால், ‘எனக்கு ஒண்ணும் இல்ல, விடு’ என்று தட்டிவிடுவார்கள். தனக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்க வேண்டிய உறுப்புதான் அந்த நேரத்தில் பட்டினி கிடக்கிறது. அவரோடு வாதம் செய்வதில் ஒரு பயனும் இல்லை.

கோர்ட்டு வரை போன லோ சுகர்

இந்தத் தடுமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் இரண்டு பிரபலமான வழக்குகள் உண்டு. சட்டம் படிக்கிறவர்கள் பாடத்திலேயே இவற்றைப் படிக்கிறார்கள்.

முதலாவது 1973ஆம் ஆண்டின் குவிக் வழக்கு. மனநல மருத்துவமனை ஒன்றில் ஆண் நர்ஸாக வேலை பார்த்த குவிக், நடக்க முடியாத ஒரு நோயாளியைத் தாக்கினார். காலையில் இன்சுலின் போட்டிருந்தார், மது குடித்திருந்தார், சரியாகச் சாப்பிடவில்லை. நடந்தது எதுவும் நினைவில்லை என்றார். இன்சுலின் என்பது வெளியிலிருந்து வந்த பொருள். அதனால் சர்க்கரை இறங்கி, தன்னறிவில்லாமல் செய்தார் என்ற வாதத்தை ஜூரி முன்பு வைக்க விட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

இரண்டாவது 1989ஆம் ஆண்டின் ஹென்னஸி வழக்கு. குடும்பப் பிரச்சினையில் மன அழுத்தத்தில் இருந்த ஹென்னஸி சில நாள்களாக இன்சுலின் போடவில்லை. திருட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போய் மாட்டினார். இங்கே சர்க்கரை ஏறியதற்குக் காரணம் நோய்தானே தவிர மருந்து இல்லை. அது உள்ளிருந்து வந்த காரணம். எனவே சட்டப்படி ‘சித்தசுவாதீனமின்மை’ என்ற பிரிவில்தான் வரும் என்றது நீதிமன்றம். ஒரே நோய். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாதவருக்கு ஒரு பெயர், ஊசியே போடாதவருக்கு இன்னொரு பெயர். சட்ட நிபுணர்களே இந்தப் பாகுபாட்டை இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள்.

நம் ஊரில் விஷயம் கோர்ட்டுக்குப் போவதில்லை, பிளாட்பாரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஒருவர் தள்ளாடினால், உளறினால், ‘தண்ணி போட்டிருக்கான்’ என்று ஒதுங்கிப் போகிறோம். அவர் உண்மையிலேயே குடித்திருந்தாலும்கூட அபாயம் குறையாது, கூடும். மது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைத் தடுக்கிறது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் குடித்தவருக்கு நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோகூட சர்க்கரை இறங்கலாம். ‘மட்டை ஆயிட்டான், தூங்கட்டும்’ என்று நண்பர்கள் ரூம் கதவைச் சாத்திவிட்டுப் போவது உயிரோடு விளையாடுவது. ஆபிஸ் பார்ட்டிகளில் சுகர் உள்ள நண்பர் இருந்தால் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் இது வருமா?

வராது. சர்க்கரை நோயாளியின் ஒவ்வொரு கோபத்துக்கும் லோ சுகரைக் காரணம் சொல்ல முடியாது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும்தான் இந்த அபாயம் முக்கியமானது. மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு அது அபூர்வம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். நம் மெடிக்கல் ஷாப்களில் போகும் சுகர் மாத்திரைகளில் பல, கூட்டு மாத்திரைகள். ‘நான் மெட்பார்மின்தான் சாப்பிடறேன்’ என்பவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், சின்ன எழுத்தில் கிளிமிபிரைடும் சேர்ந்திருக்கும். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இரண்டு நிமிஷ வேலை.

இன்னும் இரண்டு பேரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அடிக்கடி லோ சுகர் வந்துபோனவர்களுக்கு அந்த அலாரமே மங்கிப்போகும். நடுக்கம், படபடப்பு எதுவும் இல்லாமல் நேரடியாகக் குழப்பத்துக்குப் போய்விடுவார்கள். பிபிக்காகவோ ஹார்ட்டுக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஏசி ரூமில் சட்டை நனைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். தூக்கத்தில் கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் தலைவலி என்று வருபவர்களுக்கும் இதே சந்தேகம் பொருந்தும்.

நீண்ட நாள் 300இல் இருந்து பழகிய ஒருவருக்கு மருந்து ஆரம்பித்து 120க்கு வந்தால்கூட நடுக்கமும் எரிச்சலும் வரலாம். அது நிஜமான லோ இல்லை, உடல் புது அளவுக்குப் பழகும்வரை வரும் தொல்லை. ‘மாத்திரை எனக்கு ஒத்துக்கல’ என்று அவர்கள் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஏறினால் சத்தமில்லாமல்

லோ சுகர் கத்தும். ஹை சுகர் கத்தாது, அழுத்தும். உடம்பு கனமாக இருக்கும், எதையும் செய்யப் பிடிக்காது, படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் ரத்த சர்க்கரையை, மருத்துவக் கண்காணிப்பில், கிட்டத்தட்ட 300 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். கவனமும் யோசிக்கும் வேகமும் குறைந்தன. மனநிலையும் கீழே இறங்கியது. அதே மனிதர்கள், சர்க்கரை இயல்பாக இருந்தபோது அப்படி இல்லை.

தூக்கம் இன்னொரு வழி. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டும்போது கிட்னி அதைச் சிறுநீரில் தள்ள ஆரம்பிக்கிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரவில் மூன்று, நான்கு முறை பாத்ரூமுக்கு எழுகிற ஒருவரிடம் காலையில் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமா? தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோனும் கூடுகிறது. அது மறுநாள் தட்டில் தெரியும்.

இதற்காக, மூடை வைத்து சுகரைக் கணிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘எனக்கு உடம்பே சொல்லிடும்’ என்கிற பலரின் கணிப்பு தப்பாகவே போகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் சொல்வதுதான் பதில்.

குடோனில் அரிசி, அடுப்பில் பட்டினி

பசி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் வீட்டில் சண்டை அதிகம். ‘இப்பதான சாப்பிட்ட, அதுக்குள்ள என்ன?’ என்ற கேள்வியைச் சர்க்கரை நோயாளிகள் கேட்காத நாள் இல்லை.

ரேஷன் கடையை யோசித்துப் பாருங்கள். குடோன் நிறைய அரிசி இருக்கிறது. வாசலில் வரிசையும் நிற்கிறது. கைரேகை மெஷின் வேலை செய்யவில்லை. மூட்டை மூட்டையாக அரிசி இருந்தும் தெருவில் ஒரு வீட்டிலும் உலை கொதிக்காது. இன்சுலின் போதாமல் போனாலோ, அதற்கு உடல் செவிசாய்க்காமல் போனாலோ நடப்பது இதுதான். ரத்தத்தில் சர்க்கரை வழிகிறது, தசையும் கொழுப்புத் திசுவும் அதை எடுக்க முடியாமல் நிற்கின்றன. ‘போதும், சாப்பிட்டாச்சு’ என்று மூளைக்குச் சொல்கிற சிக்னல்களில் இன்சுலினும் ஒன்று. அதுவும் சரியாகப் போவதில்லை. அதனால்தான் மூன்று தோசை சாப்பிட்டவருக்கு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது. நிறையச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால், தண்ணீர் தாகமும் சேர்ந்தால், அவரைக் கிண்டல் செய்யாமல் லேபுக்குக் கூட்டிப்போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் அன்றைக்கே.

லோ சுகரில் வரும் பசி வேறு ரகம். அது ஆசைப் பசி இல்லை, பயத்தில் வரும் பசி. நடு இரவில் நடுங்கிக்கொண்டு எழுந்தவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும், ரெண்டு வாழைப்பழத்தையும், ஃப்ரிட்ஜில் இருக்கும் ஸ்வீட்டையும் முடித்துவிட்டுத்தான் நிற்பார். காலையில் பார்த்தால் சுகர் 280. அதை மட்டும் டாக்டரிடம் சொன்னால் அவர் மருந்தைக் கூட்டுவார். கூட்டிய மருந்து அடுத்த இரவு இன்னும் கீழே இறக்கும். மறுபடி பிஸ்கட், மறுபடி 280. ராத்திரி நடந்ததைச் சொல்ல வெட்கப்படுவதால்தான் இந்தச் சுழல் மாதக்கணக்கில் ஓடுகிறது. ‘வாயைக் கட்டத் தெரியல’ என்ற பட்டமும் அவருக்கே கிடைக்கிறது.

லோ சுகரில் சாப்பிட வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். சுமார் 15 கிராம் சர்க்கரை; அதாவது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி டெஸ்ட். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. சரியானதும் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் முக்கியம். சாதாரணச் சீனி உடைந்து ரத்தத்தில் சேர்வதையே அந்த மாத்திரைகள் தாமதப்படுத்துகின்றன. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்க வேண்டும். இதை மருந்துச்சீட்டோடு யாராவது சொல்கிறார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை.

நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஒருமுறை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ‘சரியாயிட்டார்’ என்று உடனே விட்டுவிடக்கூடாது.

பசியே இல்லாமல் போவதும் உண்டு. நீண்ட நாள் நோயில் வயிற்றின் நரம்பு பாதிக்கப்பட்டால் உணவு மெதுவாகவே இறங்கும். ரெண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். அதைவிட அவசரமானது, சில மணி நேரத்தில் பசி செத்து, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று வருவது. இன்சுலின் அடியோடு போதாமல் ரத்தம் அமிலமாகும் நிலை அது. அது ஆஸ்பத்திரி வேலை, கஷாய வேலை இல்லை.

மருந்துகளும் பசியில் கை வைக்கின்றன. இன்சுலினும் கிளிமிபிரைடு வகையும் எடையைக் கூட்டக்கூடியவை. மெட்பார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோ போன்ற ஊசிகள் இந்தக் கணக்கையே மாற்றிவிட்டன. சாப்பாட்டைப் பற்றித் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஓசை அடங்கிவிட்டது என்கிறார்கள் பலர். கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று எல்லா உறவையும் இலை போட்டே கொண்டாடுகிற நம் ஊரில், பசியில்லாத மனிதர் விருந்தில் எப்படி உட்காருவார் என்பது இனிமேல் நாம் பார்க்கப்போகும் புதுக் காட்சி.

ஒளித்து வைத்த மைசூர்பாக்

நோய் மாற்றும் நடத்தை ஒருபுறம். நோய்க்கு நாம் போடும் காவல் மாற்றும் நடத்தை இன்னொருபுறம். தட்டில் எத்தனை இட்லி என்று மகன் எண்ணுகிறான், காபியில் சர்க்கரை போட்டாயா என்று மகள் போனில் கேட்கிறாள், விருந்தினர் முன்பே ‘உனக்கு ஸ்வீட் கிடையாது’ என்று மனைவி தட்டை நகர்த்துகிறார். விளைவு? அறுபது வயதுக்காரர் பீரோவுக்குள் மைசூர்பாக் ஒளித்து வைக்கிறார். வாக்கிங் போகும் வழியில் டீக்கடை பஜ்ஜி. டெஸ்டுக்கு முன் மூன்று நாள் மட்டும் கடும் விரதம். பாவம், ஹெச்பிஏ1சி என்கிற டெஸ்ட் மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

சிரிப்பு வரும்தான். ஆனால் ஒளித்துச் சாப்பிடுகிறவர் அளவோடு சாப்பிட முடியாது. பிடிபடுவதற்குள் முடிக்க வேண்டும். சாப்பிட்டதைச் சொல்லவும் முடியாது, அதற்கேற்ப மருந்தைச் சரிசெய்யவும் முடியாது. குடும்பங்கள் செய்கிற உதவிகளிலேயே மிகவும் பயனற்றது இந்தத் தட்டுக் காவல்தான். சுகர் உள்ளவருக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று பிரிக்காமல் வீடு முழுக்க ஒரே சாப்பாட்டுக்கு மாறுவது, அதைவிடப் பல மடங்கு வேலை செய்யும்.

துக்கத்தால் சர்க்கரையா, சர்க்கரையால் துக்கமா?

17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட துக்கம் சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது என்று எழுதினார். அவர் பாதி சரி. இன்றைய ஆய்வுகள் இருவழிப் பாதை என்கின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுதல். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் சர்க்கரையை ஏற்றும். சோர்ந்து கிடப்பவர் நடக்கவும் மாட்டார், மாத்திரையும் விட்டுப்போகும்.

மனச்சோர்வு என்று சொல்ல முடியாத இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் போலன்ஸ்கியும் அவரது குழுவினரும் 1995இல் அதை அளக்க ஒரு கேள்விப் பட்டியலையே உருவாக்கினார்கள். தினமும் குத்திக்கொள்வது, எண்ணுவது, மறுப்பது, பயப்படுவது. ஒரு நாள்கூட லீவு கிடையாது. இந்த அலுப்பு மனநோய் இல்லை, மாத்திரையிலும் தீராது. கேட்க ஆள் இருந்தால் குறையும். ஆபிஸ் ரெஸ்ட் ரூமில் ஒளிந்து இன்சுலின் போடும் இளைஞர்களுக்கும், வரன் பார்க்கும்போது டைப் 1 என்று சொல்வதா வேண்டாமா என்று தூக்கம் தொலைக்கும் பெண்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

மனச்சோர்வு என்று முடிவு கட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மெட்பார்மினைப் பல ஆண்டுகள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபமாகக் குறையும். சோர்வு, மறதி, மனத்தளர்ச்சி, பாத மரமரப்பு எல்லாம் அதிலிருந்தே வரலாம். ஈடுசெய்யக்கூடிய குறை இது.

வயதானவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். திடீர்க் குழப்பத்தை ‘வயசாயிடுச்சு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அது லோ சுகராக இருக்கலாம், மிக உயர்ந்த சர்க்கரையாகவும் இருக்கலாம். சுகர் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தையும் விட வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த அக்கார்டு ஆய்வில், ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால், 2008இல் அந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் முப்பத்தைந்து வயதுப் பேரனுக்கும் ஒரே இலக்கு இருக்க முடியாது.

‘சுகர் செக் பண்ணு’ என்ற ஆயுதம்

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘என்ன கத்துற? சுகர் செக் பண்ணு போ’ என்பது பல வீடுகளில் வாயை அடைக்கும் வசனமாகிவிட்டது. வீட்டு வேலை முழுக்க ஒருத்தி தலையில் விழுகிறது என்று அம்மா கோபப்பட்டால், அது கோபம்தான். சாப்பிட்டு, சர்க்கரை 110க்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நிற்கிறது என்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், மீட்டர் இல்லை.

எதிர்த் திசையிலும் இதே ஏமாற்று நடக்கிறது. ‘எனக்கு சுகர், அதான் கை நீட்டிட்டேன்’ என்பவர் மேனேஜர் மீது கை நீட்டியதுண்டா? லோ சுகர் ஆள் பார்த்து வராது. வீட்டில் மட்டும், மனைவி மீது மட்டும் வரும் கோபத்துக்கு மருத்துவப் பெயர் தேட வேண்டியதில்லை.

மாற வேண்டியவை சில இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல காரியம். மாத்திரை கொடுக்க வருபவர் கூடவே இரண்டு கேள்வி கேட்கலாம்: கடந்த ரெண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து போயிருந்ததா? மனச்சோர்வைச் சல்லடை போட உலகம் முழுக்கப் பயன்படும் கேள்விகள் இவை; பைசா செலவில்லை. கிளினிக்குகளிலும் எடை, பிபியோடு இதையும் குறித்துக்கொள்ளலாம்.

கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு. பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை மீட்டிங் போடுவது பலருக்கு வெறும் எரிச்சல். காலையில் மாத்திரை போட்டவருக்கு அது ஆபத்து. டிரைவர்கள், டெலிவரி பார்ட்னர்கள், நைட் ஷிப்ட்காரர்கள் சாப்பாட்டு நேரத்தை ஆர்டர்தான் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் இன்சுலின் போடுபவர்கள், வண்டி எடுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையைப் பரிசோதித்திருக்க வேண்டும் என்பது விதி. நம் சாலைகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

மனசு தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும் 104லும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

வீட்டில் அடிக்கடி ‘ஏன் இப்படி?’ என்று தோன்றினால், ரெண்டு வாரத்துக்கு போனில் ஒரு குறிப்பு எழுதுங்கள். நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, மாத்திரை, மீட்டர் காட்டிய எண், மூட் ஒரே வார்த்தையில். ‘பகல் 12.45, காலையில் ரெண்டு இட்லி, 62, எரிச்சல்’ என்கிற மாதிரி. சுகர் உள்ளவரையே எழுதச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியாமல் நீங்கள் எழுத வேண்டாம். அடுத்த முறை டாக்டர் ரூமில் கிடைக்கிற அந்தச் சில நிமிஷத்தில் ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன் அதைக் காட்டுங்கள். பல சமயம் மாற்ற வேண்டியது அவரது குணமாக இருக்காது, மாத்திரை போடும் நேரமாக இருக்கும்.